வலது கால் வேகுது! சேலம் சிக்னல்லயும் ஏற்காடு மலையிலயும் இன்ஜின் சூட்ட எப்படி சமாளிக்கறீங்க?

கொண்டலாம்பட்டி காளை:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதினதில்ல. இப்ப வலது கால் வெந்துபோய் எழுத வச்சிருச்சு.

வண்டி 400 சிசி பக்கம், ஒத்த சிலிண்டர், லிக்விட் கூல்டு, 2021 மாடல் பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்த வண்டி). போன ஆடி மாசம் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், அப்ப 19,000 கிமீ, இப்ப 26,000. ஐப்பசி மழைல ஓட்டறப்ப ஒரு குறையும் தெரியல, சொல்லப்போனா குளிருக்கு இதமா இருந்துச்சு. மாசி கடைசில புடிச்சுது சனியன். வீடு கொண்டலாம்பட்டி, வேலை கருப்பூர் பக்கம். பைபாஸ்ல போய்ட்டா ஒண்ணும் தெரியாது, ஆனா சாயங்காலம் பாப்பாவ டியூஷன்லருந்து கூட்டிட்டு வரணும்னு ஊருக்குள்ள வந்தாகணும், அஞ்சு ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஃபேன் சுத்த ஆரம்பிச்சிரும், அதுலருந்து வர்ற அனல் ரெண்டு காலுக்கும் நடுவுல அப்படியே மேல ஏறும். அதாவது பரவால்ல, வலது கால்ல முட்டிக்கு ஒரு சாண் கீழ உள்பக்கமா ஒரு எடம் இருக்கு, அங்க மட்டும் யாரோ ஊதாங்குழல் வச்சு ஊதற மாதிரி சுரீர்னு அடிக்குது. ஆக்சில் குடுக்க குடுக்க ஊதும். நேத்து பேண்ட்ட மடக்கி பாத்தா அந்த எடம் அஞ்சு ரூபா காசு அளவுக்கு செவந்து கெடக்கு. சிக்னல்ல முட்டிய வெளிய தள்ளிட்டு தவளை மாதிரி நிக்கறேன், பக்கத்துல வர்ற ஆட்டோகாரங்க கால மடக்கு கால மடக்குன்னு திட்டறாங்க.

போன ஞாயித்துக்கெழம வீட்டம்மாவோட ஏற்காடு போனேன். அடிவாரத்துல நல்லாத்தான் இருந்துச்சு. மொத்தம் 20 கொண்டை ஊசில பாதி தாண்டினதும் முன்னாடி ஒரு பஸ், அதுக்கு முன்னாடி ரெண்டு வேன், எல்லாம் நடக்கற வேகம். ஊட்டுக்காரி "ஏங்க இது வண்டியா இட்லி குண்டாவா"ன்னு கேட்டுட்டா. மேல லேக் கிட்ட எறங்கி பாத்தா அவ செருப்போட ஓரம் சைலன்சர்ல பட்டு உருகி நூல் நூலா ஒட்டிருக்கு. திரும்பி எறங்கறப்ப ஆக்சில விட்டா பட் பட்னு பின்னாடி வெடிக்குது, அது கேக்க கெத்தா இருந்துச்சு, அதனால கண்டுக்கல.

சர்வீஸ் விடற எடத்துல சொன்னா "பெரிய இன்ஜின்னா சூடு இருக்கத்தான் செய்யும் சார்"னு கழுவி குடுத்துட்டாங்க. இப்ப எனக்கு தெரிய வேண்டியது, இன்ஜின்லருந்து சைலன்சருக்கு போற பெண்ட் பைப்புக்கு துணி மாதிரி ஒரு டேப் சுத்தறாங்களே அது வேலை செய்யுமா, கூலன்ட் மாத்தணுமா, இல்ல நல்ல பேண்ட்டு ஷூ வாங்கினா தீருமா. வித்துட்டு பழைய 100 சிசிக்கே போய்டலாமான்னு கூட தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


டேம் காத்து:

ப்ரோ யோசிக்காம அந்த டேப்ப, ராப்னு சொல்வாங்க, சுத்துங்க. நான் மேட்டூர்லருந்து டெய்லி சேலம் வர்றவன், ரெண்டு வருஷம் முன்னாடி சுத்தினேன். சுத்தறதுக்கு முன்னாடி டேப்ப ஒரு பக்கெட் தண்ணில நல்லா ஊற வைக்கணும், அப்பத்தான் வளைவுல இறுக்கமா ஒக்காரும், கால் இஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரணும், ரெண்டு முனையிலயும் ஸ்டீல் டை போட்டு இறுக்கணும், பிளாஸ்டிக் டை போட்டீங்கன்னா அஞ்சு நிமிசத்துல உருகிரும். கை உறை போட்டுக்கங்க, அது கண்ணாடி நார், நான் வெறுங்கைல சுத்திட்டு ரெண்டு நாள் சொறிஞ்சிட்டே திரிஞ்சேன். மொத ரெண்டு மூணு ஓட்டம் பொகையா வரும், வண்டி பத்திக்கிச்சுன்னு பயப்படாதீங்க, எங்க தெருல ஒரு பாட்டி தண்ணி குடத்தோட ஓடி வந்துட்டாங்க.

கால்ல சூடு நல்லாவே கொறஞ்சுது.


பட்டறை வாசல்:

டேம் காத்து தம்பி சொல்றது தப்பில்ல, ஆனா காளை அதை இப்ப செய்ய வேணாம். நான் செவ்வாப்பேட்டைல 22 வருஷமா வண்டி பாக்கறவன். உங்க போஸ்ட்ட ரெண்டு தடவ படிச்சேன், பதில் அதுலயே இருக்கு.

பொதுவா இன்ஜின் சூடுன்னா கால் முழுக்க மொத்தமா அனல் அடிக்கும். ஃபேன் காத்துன்னா ஃபேன் ஓடறப்ப மட்டும் வரும், வண்டி ஓடிட்டா போயிரும். நீங்க சொல்றது ஒரே எடம், ஊதற மாதிரி, ஆக்சில் குடுத்தா கூடுது. அதோட ஆக்சில் விட்டா சைலன்சர்ல வெடி. இந்த ரெண்டும் சேந்து வந்தா நான் மொதல்ல பாக்கறது சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேர்ற எடத்துல இருக்கற பேக்கிங். அது நசுங்கியோ கருகியோ போயிருக்கும், இல்ல ஸ்டட்ல (ஹெட்டுல நீட்டிட்டு நிக்கற போல்ட்டு) இருக்கற நட்டு லூசாயிருக்கும். ஒத்த சிலிண்டர் வண்டி ஆடற ஆட்டத்துக்கு நட்டு கழலறது சகஜம். உள்ளருந்து எரிஞ்ச கேஸு சைலன்சர் வழியா போகாம அந்த சந்து வழியா நேரா உங்க காலுக்கு வருது. வெடி ஏன்னா, ஆக்சில மூடறப்ப அதே சந்து வழியா வெளிக்காத்து உள்ள போகும், எரியாம மிச்சமிருக்கற பெட்ரோல் ஆவியோட சேந்து சூட்டுல டப்புனு பத்திக்கும். அது கெத்து இல்ல தம்பி, வண்டி உங்கள கூப்பிடுது.

அதுக்கும் மேல, ஓட்டைக்கு கீழ ஆக்சிஜன் சென்சார் இருக்கு. வெளிக்காத்து கலந்தா சென்சார் "பெட்ரோல் பத்தல"ன்னு தப்பா சொல்லும், ஈசியூ, அதாவது பெட்ரோல் அளவ முடிவு பண்ற கம்ப்யூட்டர், அதை நம்பி கூட ஊத்தும். மைலேஜ் கொறஞ்சிருக்கணுமே? கொறஞ்சிருந்தா கிட்டத்தட்ட கன்ஃபர்ம்.

வீட்லயே பாக்கலாம். காலைல வண்டி பச்ச தண்ணி மாதிரி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த ஜாயிண்ட் கிட்ட காத வச்சு கேளுங்க, டிக் டிக்னு இல்ல சுஸ் சுஸ்னு கேட்டா ஓட்டை. சூடாக சூடாக இரும்பு விரிஞ்சு சத்தம் கொறஞ்சிரும், அதனாலதான் சர்வீஸுக்கு போறப்ப யாருக்கும் கேக்காது. இன்னொண்ணு, ஈர துணிய நாலா மடிச்சு சைலன்சர் வாய ஒரு ரெண்டு செகண்ட் பாதி அடைங்க, ஆளு ஒருத்தர் முன்னாடி ஒக்காந்து பாக்கணும், பொகை முன்னாடி வந்தா முடிஞ்சுது கதை. ஜாயிண்ட சுத்தி கண்மை தேச்ச மாதிரி கரி படிஞ்சிருந்தா சோதனையே வேணாம்.

இப்ப இதுக்கு மேல ராப்ப சுத்தினா என்ன ஆகும், ஓட்டை வழியா வர்ற கேஸு டேப்புக்கு உள்ளயே சுத்தி ஸ்டட்ட தின்னும். அப்புறம் ஸ்டட் ஒடைஞ்சா ஹெட்ட எறக்கணும், அலுமினியத்துல ஒடைஞ்ச ஸ்டட்ட எடுக்கறதுக்குள்ள உங்களுக்கும் எனக்கும் தாவு தீந்துரும். இரும்பு பைப்புன்னா ராப் மழை ஈரத்தையும் புடிச்சு வச்சு உள்ளயே துருப்புடிக்க வைக்கும், ஸ்டெயின்லெஸ்னா தாங்கும்.

கழட்டறதா இருந்தா மொத நாள் ராத்திரியே நட்டுல துரு ஆயில் அடிச்சு வைங்க. முறுக்கி புடுங்காதீங்க, கொஞ்சம் கழட்டு கொஞ்சம் திருப்பி இறுக்குன்னு ஆட்டி ஆட்டி எடுங்க. பேக்கிங் புதுசுதான் போடணும், பழசு ஒருதடவ நசுங்கினா அவ்ளோதான். திரும்ப மாட்றப்ப ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி சமமா இறுக்கணும், ஒரு பக்கம் முழுசா இறுக்கிட்டு அடுத்தத தொட்டீங்கன்னா மறுபடி சாஞ்சு லீக் ஆகும்.

கூலன்ட்டும் பாருங்க. செகண்ட் ஹேண்ட் வண்டின்னா நான் மொத வேலையா அதைத்தான் தொறப்பேன். நம்ம ஊர் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், வாட்டர் ஹீட்டர் காயில்ல படியற வெள்ள சுண்ணாம்பு அப்படியே ரேடியேட்டர் குழாயிலயும் படியும். கூலன்ட் கொறஞ்சா குழாயடி தண்ணி ஊத்தற புண்ணியவான்கள் நெறைய. முழுசா எறக்கிட்டு டிஸ்டில்டு வாட்டர்ல கழுவி, ரெடிமேடா கலந்து வர்ற கூலன்ட் ஊத்துங்க. கழட்டினத தரையில விடாதீங்க, இனிப்பா இருக்கும்னு தெரு நாய் நக்கும், அது வெஷம்.


ஸ்பேனர் 10-12:

இவ்ளோ கத எதுக்கு. பிஎஸ்6 வண்டில சூடே புகைய சுத்தம் பண்ற அந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர்தான். கட்டர் போட்டு வெட்டி எறிஞ்சுட்டு புகைய தடுக்காம விடற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டுங்க. சவுண்டும் வரும் சூடும் போகும்.


பட்டறை வாசல்:

ஸ்பேனர், சூடு அதுல இருக்கறது உண்மை. 2020 ஏப்ரல்லருந்து பிஎஸ்6 வந்தப்புறம் கன்வர்ட்டர இன்ஜினுக்கு பக்கத்துல கொண்டாந்துட்டாங்க, ஏன்னா அது சுமார் 250, 300 டிகிரி ஏறினாத்தான் வேலையே செய்ய ஆரம்பிக்கும், தூரத்துல வச்சா சூடாக நேரமாகும். ஓடறப்ப அதுக்கு மேலயும் போகும். ஆனா வெட்டிட்டா சட்டப்படி தப்பு, பொல்யூஷன்ல நிக்காது, வண்டியோட பெட்ரோல் கணக்கும் கொழம்பும். புகை அளவு தாண்டினா எனக்கு வேலை இல்லன்னு நான் திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் ஃப்ரீ ஃப்ளோ போட்டு அஸ்தம்பட்டில ராத்திரி பதினோரு மணிக்கு முறுக்கறவங்களால என் தூக்கம் போகுது, அது தனி விஷயம்.


பென்ஷன் பார்ட்டி:

தம்பி, மெக்கானிக் சொன்னத செய்யுங்க. நான் ஓட்டற மொறைய பத்தி மட்டும் சொல்றேன். ஏற்காடு ரோட்ல 1978லருந்து ஏறி எறங்கறேன், பாதி வருஷம் பழைய இரும்பு புல்லட்டுல, இப்ப பையன் வாங்கிக் குடுத்த ஸ்கூட்டர்ல.

பஸ்ஸுக்கு பின்னாடி ஒட்டிட்டு ஏறுனீங்க பாருங்க, பாதி சூடு அங்கதான். வளைவுல பஸ்ஸு முழு ரோட்டையும் எடுத்துட்டுதான் திரும்பும், நீங்க பின்னாடி ஹாஃப் கிளட்ச்ல நிப்பீங்க, கிளட்ச் தட்டு தேயற சூடு இன்ஜின் ஆயில்லதான் எறங்கும். மலை ஏறறப்ப இன்ஜினுக்கு பாரம் அதிகம், காத்து கம்மி. நான் என்ன பண்ணுவேன்னா பஸ்ஸ கண்டா ஒரு வளைவு தூரம் விட்ருவேன். அகலமான எடத்துல ஓரங்கட்டி, கொரங்குகள வேடிக்க பாத்துட்டு, பஸ்ஸு மேல்வளைவ தாண்டினதும் கெளம்புவேன். ரெண்டாவது கியர்ல நிக்காம உருட்டிட்டே போலாம், கிளட்ச்ச தொடவே வேண்டியதில்ல. அஞ்சு நிமிசம் லேட்டாகும், அவ்ளோதான். பின்னாடி வர்ற கார்காரன் ஹாரன் அடிப்பான், அடிச்சுட்டு போகட்டும்.

பெரிய கியர்ல முக்கி முக்கி ஏத்தாதீங்க. இன்ஜின் திணறிட்டு கடகடன்னு ஆடுச்சுன்னா ஒரு கியர் கொறைங்க. எறங்கறப்ப நியூட்ரல்ல போட்டு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உருட்டற பழக்கம் வேணவே வேணாம், பெட்ரோல் மிச்சம்னு பண்ணி பிரேக்கு காஞ்சு பள்ளத்துல போனவங்கள நான் பாத்திருக்கேன்.

ராப்புன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, எங்க காலத்துல சைலன்சருக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்துவாங்க. அந்த தூசு நுரையீரலுக்கு எமன். பழைய சாமான் கடைல யாராவது குடுத்தா கையால தொடாதீங்க.


நைட் டூட்டி:

வண்டிய பத்தி எனக்கு தெரியாது, நான் ஸ்டாஃப் நர்ஸ். சைலன்சர் சூடு பட்டு வர்ற கால் வாரத்துக்கு ஒண்ணாவது பாக்கறேன். பெரும்பாலும் வலது கெண்டைக்கால் உள்பக்கம், பெரும்பாலும் பின்னாடி ஒக்காந்த ஆளு, அதுலயும் சின்ன புள்ளைங்க. எறங்கறப்ப சைலன்சர் பக்கமா எறங்கி கால ஒரசிடறாங்க. உங்க பாப்பாவ எப்பவும் இடது பக்கமா ஏறி இடது பக்கமா எறங்க பழக்குங்க, வீட்டு வாசல்ல நிறுத்தினா கூட.

பட்டுருச்சுன்னா ஓடற குழாய் தண்ணில 20 நிமிசம் காட்டணும். ரெண்டு நிமிசம் காட்டிட்டு போதும்னு விட்ராதீங்க, 20 நிமிசம் ரொம்ப நேரமா தெரியும், ஃபோன்ல பாட்டு போட்டுக்கங்க. கொலுசு, இறுக்கமான சாக்ஸ் இருந்தா வீங்கறதுக்குள்ள கழட்டணும். ஐஸ் கட்டி வைக்கக்கூடாது. டூத்பேஸ்ட், மஞ்சள், நெய், இங்க், காபி பொடி, இதெல்லாம் பூசிட்டு வருவாங்க, அத கழுவி எடுக்கறதுக்குள்ள அவங்களுக்கு உயிர் போகும். போன மாசம் ஒரு பையன் கால்ல இட்லி மாவு. எரிச்சல் அடங்கும்னு பாட்டி அப்பிருக்காங்க, காஞ்சு தோலோட ஒட்டிருச்சு. கொப்பளம் வந்தா ஒடைக்காதீங்க, சுத்தமான துணியால மூடிட்டு வாங்க, டிடி ஊசி எப்ப போட்டீங்கன்னு ஞாபகப்படுத்திட்டு வாங்க.

கேள்வி கேட்டவருக்கு ஒண்ணு. தெனமும் அதே எடத்துல மெல்லிசா சூடு பட்டுட்டே இருந்தா கொப்பளமே வராம தோல் மட்டும் வலை போட்ட மாதிரி பழுப்பா மாறும். விறகடுப்பு முன்னாடியே ஒக்காந்து சமைச்ச பாட்டிங்க கால்ல பாத்திருப்பீங்க, அதே ஜாதிதான். ஆரம்பத்துலயே சூட்ட நிறுத்தினா மறைஞ்சிரும், வருஷக்கணக்கா விட்டா நெலச்சு போகும். அப்புறம் வீட்ல யாருக்காவது சுகர் இருந்தா பின்சீட்ல ஒக்கார வைக்கறப்ப ரொம்ப கவனம், கால் மரத்துப்போனவங்களுக்கு சுட்டதே தெரியாது, செருப்பு உருகற வாசன வந்தாத்தான் தெரியும்.

துணி பத்தி கேட்டிருந்தீங்க. டிராக் பேண்ட், லெக்கிங்ஸ், நைலான் எதுவும் வேணாம், உருகி தோல்ல ஒட்டிக்கும், அதை பிரிக்கறது கொடுமை. கெட்டியான காட்டன் இல்ல ஜீன்ஸ், கணுக்கால் மூடற தோல் ஷூ.


மஞ்சக்குட்டை மேகம்:

நான் மேலயே இருக்கறவன், எஸ்டேட் வேலை, வாரம் மூணு தடவ சேலம் எறங்கி ஏறணும். பட்டறை அண்ணன் பேக்கிங்னு சொன்னது சரியாத்தான் இருக்கும்னு தோணுது. மேல வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஏற்காடு கடல் மட்டத்துலருந்து 1,500 மீட்டர் சொச்சம். எங்க ஊர்ல தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சிரும், பருப்பு வேக வைக்கறவங்கள கேளுங்க, குக்கர் இல்லாம வேலை ஆகாது. உங்க ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். மூடி அழுத்தத்த புடிச்சு வைக்கறதாலதான் கூலன்ட் 100 தாண்டியும் கொதிக்காம நிக்குது. மூடி ரப்பர் போச்சுன்னா சேலத்துல ஓட்டறப்ப தெரியாது, மேல வந்ததும் பொங்கும். லேக் பார்க்கிங்ல வண்டிக்கு கீழ பச்சையா ஒழுகிட்டு நிக்கறத லீவு நாள்ல பாக்கலாம். அப்ப பதட்டத்துல மூடிய தொறந்தீங்கன்னா மூஞ்சி போச்சு, அரை மணி நேரம் ஆற விடணும், டீ சாப்டுங்க.

ரெண்டாவது, தயவுசெஞ்சு பங்குனி சித்திரைல சருகு மேல வண்டிய நிறுத்தாதீங்க. ஃபோட்டோ எடுக்கறேன்னு ரோட்ட விட்டு மூங்கில் பொதர் பக்கம் எறக்கி நிறுத்தறாங்க. மலை ஏறி வந்த வண்டி, அடில கன்வர்ட்டர் கொதிச்சிட்டு இருக்கு, கீழ கணுக்கால் ஒயரத்துக்கு காஞ்ச எல. இங்க கோடைல காட்டுத்தீ எப்படி பரவும்னு பாத்தவங்களுக்கு தெரியும், ராத்திரி மலைல செவப்பு கோடு மாதிரி ஓடும். தார் மேல இல்ல மண் மேல நிறுத்துங்க.

கீழ 39 டிகிரி அடிக்கறப்ப மேல 30 இருக்கும், அதனால மேல வந்து நின்னதும் சூடு போச்சுன்னு நெனைப்பீங்க. இன்ஜின்ல அப்படி இல்ல. ஒரு நிமிசம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணப்புறமும் ஃபேன் சுத்துனா சுத்தட்டும், பேட்டரி போயிரும்னு பயந்து ஒருத்தர் ஃபியூஸ புடுங்கிட்டு நின்னாரு.


டேம் காத்து:

பட்டறை அண்ணா, நான் ராப்புன்னு மொதல்ல சொன்னதுக்கு சாரி. நேத்து என் வண்டில ஒரு சுத்து பிரிச்சு பாத்தேன், உள்ள பைப்பு மேல செம்மண் நெறத்துல துரு உரிஞ்சு வருது. மழைக்கு முன்னாடி முழுசா பிரிச்சிர்றேன்.

காளை ப்ரோ, எங்கிட்ட சூடு பாக்கற துப்பாக்கி இருக்கு, மேச்சேரி பக்கம் ஒரு மில்லுல மெயின்டனன்ஸ்ல இருக்கேன். வேணும்னா சனிக்கெழம வர்றேன். ஒரு விஷயம், பளபள ஸ்டீல் மேல நேரா காட்டினா அது பொய் சொல்லும், பாதி சூடுதான் காட்டும். அந்த எடத்துல கருப்பு ஹீட் பெயிண்ட் ஒரு பொட்டு வச்சு அது மேல காட்டணும்.


கொண்டலாம்பட்டி காளை:

அப்டேட். எல்லாருக்கும் கும்புடு.

வெள்ளிக்கெழம காலைல அஞ்சரைக்கு தெரு அடங்கி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி காத வச்சேன். டிக் டிக் டிக். கடிகாரம் மாதிரி. ஊட்டுக்காரிய எழுப்பி ஈரத்துணிய புடிக்க சொன்னேன், தூக்க கலக்கத்துல என் பனியன நனைச்சு கொண்டாந்துட்டா, பரவால்ல. அடைச்சதும் ஜாயிண்ட்லருந்து புஸ்ஸுனு நேரா என் மூஞ்சிக்கு. டார்ச் அடிச்சு பாத்தா ஒரு நட்டு இருக்கு, இன்னொரு நட்டு இருந்த எடத்துல வெறும் ஸ்டட்டு, சுத்தி கரி. எந்த ரோட்ல விழுந்துச்சோ. மைலேஜும் 29 குடுத்துட்டு இருந்தது 24க்கு வந்திருந்துச்சு, நான் ஏசி போட்ட கார் கணக்கா வெயிலுக்குத்தான் கொறையுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

சனிக்கெழம பட்டறை அண்ணன் கடைக்கே போயிட்டேன். அவரு எதிர்ல ஒக்காந்து டீ குடிச்சிட்டே வேலைய பாத்தேன். இருக்கற நட்டு வர மாட்டேன்னுச்சு, ஆயில் அடிச்சு, ஆட்டி ஆட்டி, முக்கா மணி நேரம். பேக்கிங் வெளிய வந்தப்ப ஒரு பக்கம் நல்லா வட்டமா இருக்கு, என் கால பாத்த பக்கம் மட்டும் எலி கடிச்ச முறுக்கு மாதிரி அரிச்சு போயிருக்கு. புது பேக்கிங் 180 ரூபா, ரெண்டு செம்பு நட்டு 60. செம்பு நட்டு எதுக்குன்னா சூட்டுல இறுகி ஒட்டிக்காதாம், அடுத்த தடவ கழட்டறவன் வாழ்த்துவான்னாரு.

கூலன்ட் எறக்கினப்பதான் வயித்தெரிச்சல். பச்சையோ சிவப்போ இல்ல, வரக்காபி. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரு ஊத்தினதெல்லாம் போர் தண்ணிதான் போல, அடில வெள்ளையா மணல் மாதிரி எறங்குச்சு. மூணு தடவ கழுவினப்புறம்தான் தெளிஞ்சுது. ரேடியேட்டர் தகடு சந்துல செம்மண்ணும் பூச்சியும் அடைச்சு கெடந்துச்சு, பிரஷர் கன்ல அடிச்சா தகடு மடங்கிரும்னு அண்ணன் சாதா ஓஸ்ல பின்னாடிருந்து முன்னாடியா மெதுவா கழுவி விட்டாரு.

டேம் காத்து ப்ரோ சொன்ன மாதிரியே துப்பாக்கியோட வந்துட்டாரு. வேலைக்கு முன்னாடி என் கால் படற சைடு தகட்டுல பொட்டு வச்சு பாத்தது 92 டிகிரி. எல்லாம் மாட்டி அதே மாதிரி பத்து நிமிசம் ஐடில்ல விட்டு பாத்தது 61. ஜீன்ஸுக்கு உள்ள தாங்கக்கூடிய சூடு, ஆனா வெறும் தோல் படக்கூடாதுன்னு நைட் டூட்டி மேடம் சொல்லாமயே தெரிஞ்சுக்கிட்டேன்.

நேத்து சாயங்காலம் அஞ்சு ரோட்டுல நாலு சிக்னல் விழுந்துச்சு. ஃபேன் சுத்துச்சு, அனல் வந்துச்சு, சூடு இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஊதாங்குழல் இல்ல. கால மடக்கிட்டே நின்னேன். வெடிச்சத்தமும் நின்னுருச்சு, அது மட்டும் லேசா வருத்தம்.


பட்டறை வாசல்:

500 கிமீ ஓட்டிட்டு வந்து நட்ட ஒருதடவ செக் பண்ணிட்டு போங்க, புது பேக்கிங் ஒக்காந்தா லேசா லூசாகும். வண்டி ஆறினப்புறம் வாங்க, ஓட்டிட்டு வந்து ஒடனே கைய வைக்க சொல்லாதீங்க.


நைட் டூட்டி:

கால்ல செவந்தது எப்படி இருக்கு?


கொண்டலாம்பட்டி காளை:

மங்கிருச்சு மேடம், இப்ப லேசா பழுப்பு நெறம் மட்டும். பாப்பாவுக்கு இடது பக்கம் எறங்க பழக்கிட்டேன், இப்ப அவ ஆட்டோலருந்து எறங்கறப்ப கூட இந்த பக்கமா அந்த பக்கமான்னு கேக்கறா. வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி ஏற்காடு. ஊட்டுக்காரிக்கு புது செருப்பு வாங்கி குடுத்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டா.


பென்ஷன் பார்ட்டி:

செருப்பு வேணாம், ஷூவா வாங்கிக் குடுங்க தம்பி. பஸ்ஸ பாத்தா ஓரங்கட்டுங்க.